யார் பேருக்குப் போடுவது?

சிலிம் ரிவர் பட்டணத்தைத் தாண்டி, செம்பனைக்குள் நுழையும் செம்மண் பாதையின் முடிவில் ஒரு மாரியம்மன் கோயில். மண்டபத்தில் பிளாஸ்டிக் மேசை. பழைய கோப்பைப் பிரித்துவைத்துத் தலைவர், எதிரே மடிக்கணினியோடு செயலாளர்ப் பையன். திருவிழாவுக்குக் கொட்டகை போட அனுமதிக் கடிதம் எழுதியாக வேண்டும். தூணோரம் உட்கார்ந்திருக்கும் என்னை இருவரும் கண்டுகொள்ளவில்லை.

“யார் பேருக்குங்கய்யா போடுறது?”

தலைவர் தாள்களைப் புரட்டுகிறார். அடியில் கிடப்பவை ஆங்கிலத் தட்டச்சு. துருவேறிய குண்டூசி பழுப்புக் கறை விட்டிருக்கிறது. துரையின் கையெழுத்து பச்சை மையில். மேலே வர வர மலாய். முகப்பில் கம்பெனிப் பெயரும் சின்னமும் மாறிக்கொண்டே வருகின்றன. சேதி மட்டும் மாறவில்லை: அனுமதி உண்டு, நிலத்தில் உரிமை கோரக் கூடாது.

ஊர் முழுவதும் ஒரே சீமானுக்குச் சொந்தமாக இருந்த கிராமங்கள் இங்கிலாந்தில் உண்டு. அந்த ஏற்பாட்டைத்தான் வெள்ளைக்காரன் இங்கே, மலாயாவில், கித்தா (ரப்பர்) மரத்தோடு சேர்த்து நட்டான். லயம், ஆயாக்கொட்டகை, பள்ளிக்கூடம், கள்ளுக்கடை எல்லாம் தோட்டத்துடையவை. வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். அங்கேயாவது 1976இல் ஒரு சட்டம் வந்து, பண்ணை வீட்டில் இருப்பவரை நினைத்தபடி வெளியேற்ற முடியாதபடி செய்தது. இங்கே 1990இல் வந்த குடியிருப்புச் சட்டம், லயத்து வீடு எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்று சொன்னது. அதில் குடியிருக்கும் உரிமை வேறு விஷயம்.

இடையில் போரும் வந்து போனது. 1942 ஜனவரி 7 விடியற்காலையில் துரோலாக் பக்கமிருந்து ஜப்பான் டாங்கிகள் இந்தச் சிலிம் ரிவர் சாலைவழி இறங்கின. குளுனி தோட்டத்தருகே நடந்து வந்துகொண்டிருந்த கூர்க்காப் படை பின்னாலிருந்து தாக்கப்பட்டுச் சிதறியது. போர் முடிந்ததும் துரைமார் பங்களாவுக்குத் திரும்பினார்கள். தோட்டங்களிலிருந்து ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதைக்குப் போன தமிழரில் ஆயிரமாயிரம் பேர் திரும்பவே இல்லை.

அப்புறம் விற்பனைக் காலம். ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டு மறுபடி விற்றார்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசி, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளியாக நூறு வெள்ளிப் பங்கு. பால் வெட்டியவன் தோட்டத்துக்குப் பங்குதாரனானான். இந்த நாட்டில் தோட்டத் தமிழன் நிலத்தின் பக்கம் இத்தனை நெருங்கி வந்தது அந்த ஒரு தடவைதான் என்பேன். 1981 செப்டம்பர் 7 அன்று லண்டன் பங்குச் சந்தையில், காலைப் பொழுது முடிவதற்குள் வெள்ளைக்காரத் தோட்டக் கம்பெனியான கத்ரி மலேசிய அரசு சார்ந்த நிறுவனத்தின் கைக்கு வந்தது. பெரிய வெற்றிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் லயத்தில் மறுநாளும் விடியுமுன் பெரட்டு, அதே ஆள்கணக்கு.

செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று புழுதி கிளப்பிப் போகிறது. எதிர் லயத்தின் கொடியில் வங்காளதேசத்துப் பையன்களின் கைலிகள். தலைவருக்குப் பின்னால் சுவரில் பளிங்குக் கல்: ‘உபயம்: தோட்ட மக்கள், ஒரு நாள் சம்பளம்’. அந்த மக்களில் முக்கால்வாசிப் பேர் இப்போது பட்டணத்துத் தாமான் வீடுகளில்; திருவிழாவுக்கு மட்டும் காரில் வருவார்கள்.

“போன வருஷம் எழுதினோமே, அந்த மேனேஜர்?”

“அவரு மாறிட்டாருங்கய்யா. கம்பெனியும் மாறிடுச்சுன்னு பேசிக்கிறாங்க.”

“அப்ப ‘துவான் பெங்குருஸ்’னு மட்டும் போடு. பேரு வேணாம்.”

“கம்பெனி பேரு?”

“ஆபீஸ் வாசல்ல போர்டு இருக்கும்ல, மோட்டார்ல போயி போட்டோ பிடிச்சிட்டு வா. அதுல உள்ளதப் போட்டுக்கலாம்.”

பையன் எழுகிறான். தலைவர் அவனை மறுபடி கூப்பிடுகிறார்.

“தம்பி, கொட்டகைக்கு மூணு நாளுன்னு கேளு. ரெண்டுன்னு கேட்டா ஒண்ணுதான் கொடுப்பானுங்க.”