படிவத்தில் இல்லாத கேள்வி

தாராவியில் முதல் கொரோனா நோயாளி 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி கண்டறியப்பட்டார். அன்றைக்கே சயான் மருத்துவமனையில் இறந்தும் போனார். மறுநாள் விடியற்காலையில் குழாயில் தண்ணீர் வருவதற்குள் அந்தச் செய்தி தமிழ், இந்தி, மராத்தி, குஜராத்தி என்று எங்கள் சந்துகளில் புழங்கும் எல்லா மொழிகளிலும் போய்ச் சேர்ந்துவிட்டது.

நான் அங்கே ஆரோக்கிய சேவிகா. வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது, போலியோ சொட்டு மருந்துக்கு ஆள் திரட்டுவது, காசநோய்க்காரர்கள் மாத்திரையை விழுங்குகிறார்களா என்று பார்ப்பது, இதுதான் பல வருடங்களாக என் வேலை. என் தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். நான் பிறந்தது, கல்யாணம் ஆகிப் போனது எல்லாம் 90 அடிச் சாலையை ஒட்டிய சந்துகளுக்குள்ளேயே.

தாராவி மொத்தமே சுமார் இரண்டரை சதுர கிலோமீட்டர்தான். அதற்குள் சுமார் எட்டரை லட்சம் ஜனம். கோலிவாடாவில் ஆதியிலிருந்தே இருக்கும் மீனவர்கள், கும்பார்வாடாவில் சௌராஷ்டிரத்துக் குயவர்கள், விடிவதற்கு முன் இட்லி அவித்து மும்பை முழுக்கச் சுமந்து விற்கும் எங்கள் ஆட்கள், உத்தரப் பிரதேசத்துத் தையல்காரர்கள், ஜரி வேலை செய்யும் பீகார்ப் பையன்கள், தேரா கம்பவுண்டில் பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரிப்பவர்கள். பத்துக்குப் பத்து அறையில் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். பகலில் பாதிப் பேர் வேலைக்கும் பாதிப் பேர் திண்ணைக்கும் போய்விடுவதால்தான் அந்த அறையில் இரவு படுக்க முடிகிறது. ஊரடங்கு வந்ததும் எல்லோரும் இருபத்துநாலு மணி நேரமும் உள்ளேயே இருக்க வேண்டும் என்றானது.

மாநகராட்சி காய்ச்சல் முகாம்கள் போட்டது. தனியார் மருத்துவர்களும் எங்களோடு சந்துக்குள் இறங்கினார்கள். பி.பி.இ. உடைக்குள் ஏப்ரல் மாத வெயில் எப்படி இருக்கும் என்பதைப் போட்டவர்களிடம்தான் கேட்க வேண்டும். என் கையில் ஒரு படிவம் இருந்தது. பெயர், வயது, வீட்டில் எத்தனை பேர், காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல், சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று கட்டங்கள். விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி, வரும் எண்ணை எழுத வேண்டும். நான் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருக்கும்போது அவர்கள் கட்டத்துக்குள் அடங்காத விஷயங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"டெஸ்ட் எடுத்தா கூட்டிட்டுப் போயிருவாங்கம்மா. பிறகு முகத்தைக்கூடக் காட்டமாட்டாங்க" என்றார் ஓர் ஆச்சி. நோயைவிட, கூட்டிக்கொண்டு போய்விடுவார்களே என்பதற்குத்தான் ஜனங்கள் அதிகம் பயந்தார்கள். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் கதவுகள் மூடின. இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருமினார்கள். தனிமை முகாமிலிருந்து நல்லபடியாகத் திரும்பிய ஒரு தையல்காரரின் மனைவியைக் குழாயைத் தொட விடவில்லை. கணவருக்குக் காய்ச்சல் போய்ப் பல நாளாகியும் அந்த அம்மாள் ராத்திரியில் தூங்கவில்லை. ஆக்சிமீட்டரில் அந்த அம்மாளுக்கு வந்த எண் 98. படிவத்தின்படி அவர் ஆரோக்கியமானவர்.

கழிப்பிடத்தைப் பற்றிச் சொல்லாமல் தாராவியின் மனநிலையைச் சொல்ல முடியாது. பத்தில் எட்டுப் பேர் சுமார் 450 பொதுக் கழிப்பிடங்களை நம்பி இருந்தார்கள். அவற்றைத் தினமும் பலமுறை மருந்தடித்துக் கழுவினார்கள் என்பது உண்மை. ஆனால் வரிசையில் நின்றால் நோய் வந்துவிடும் என்ற பயம் மருந்துக்குப் போகவில்லை. பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார்கள். சாயங்காலத்துக்கு மேல் சாப்பிடாமல் இருந்தார்கள். நீர்க்கடுப்பு என்று வந்தவர்களிடம் கொஞ்ச நேரம் பேசினால் நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், காரணமில்லாத அழுகை எல்லாம் வெளியே வந்தன. உடம்பு வேறு மனசு வேறு என்று பிரித்துப் பார்க்க அந்த வரிசையில் நின்ற யாராலும் முடிந்திருக்காது.

இன்னொரு காட்சியையும் பல வீடுகளில் பார்த்தேன். ஊரடங்கில் மதுக்கடைகள் ஒரே நாளில் மூடின. வருடக்கணக்கில் தினமும் குடித்த ஆண்கள் சிலர் இரண்டு மூன்று நாளில் நடுங்க ஆரம்பித்தார்கள். வியர்த்துக் கொட்டியது. சுவரில் பூச்சி ஊர்வதாகக் கத்தினார்கள். ஒரு வீட்டில் கொரோனா என்று பயந்தார்கள். இன்னொரு வீட்டில் வேப்பிலை அடித்தார்கள். எங்களோடு வந்த மருத்துவர்தான், குடி திடீரென்று நின்றால் உடம்பு இப்படித்தான் திண்டாடும், வலிப்பு வரும், கவனிக்காவிட்டால் உயிரே போகும், உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள் என்று விளக்கினார். அதன்பிறகு ஒவ்வொரு வீட்டிலும் "அண்ணன் குடிப்பாரா? நிறுத்தி எத்தனை நாளாச்சு?" என்று தணிந்த குரலில் கேட்பதை நாங்கள் வழக்கமாக்கிக்கொண்டோம். அதற்கும் படிவத்தில் இடம் இல்லை. தாளின் பின்பக்கம் எழுதினோம்.

ஏப்ரல் தொடக்கத்தில் இன்னொரு காய்ச்சலும் பரவியது. டெல்லி நிஜாமுதீனில் நடந்த முஸ்லிம் மத மாநாட்டால் கொரோனா பரவியதாக டிவியில் செய்தி ஓடிய நாட்கள் அவை. பல காலமாகப் பழம் வாங்கிய தள்ளுவண்டிக்காரரிடம் திடீரென்று பெயர் கேட்டார்கள். வாட்ஸப்பில் எதையெதையோ அனுப்பினார்கள். எனக்கு 1992 டிசம்பர் ஞாபகம் வந்தது. அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். பாபர் மசூதி இடிக்கப்பட்ட பிறகு டிசம்பரிலும் ஜனவரியிலும் மும்பையில் நடந்த கலவரத்தில் சுமார் 900 பேர் செத்தார்கள். தாராவியும் எரிந்தது. எங்கள் சந்தில் தமிழ் இந்துக்களும் தமிழ் முஸ்லிம்களும் கலந்து இருந்ததால் ஆண்கள் முறை வைத்து இரண்டு முனைகளிலும் காவல் நின்றார்கள். அதன்பிறகு மும்பையில் மத நல்லிணக்கத்துக்காக மொஹல்லா கமிட்டிகள் உருவாயின. தாராவியில் பாவு கோர்டே என்ற மராத்திக்காரரும், உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்து துணி தைத்துப் பிழைத்த வகார் கானும் சேர்ந்து செய்த வேலை எங்களுக்கெல்லாம் தெரியும். நான்கு மதத்துக் குருமார்களைப் போல வேடமிட்ட நான்கு சிறுவர்களை நிறுத்தி அவர்கள் போட்ட சுவரொட்டி பல வருடங்கள் கடைகளிலும் காவல் நிலையங்களிலும் தொங்கியது.

அந்தக் கமிட்டிப் பழக்கம் 2020-இல் கைகொடுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். அன்றைக்குக் காவல் நின்றவர்களில் இப்போது வயசாளியாகிவிட்ட சிலர் போனை எடுத்தார்கள். எங்கள் பகுதிப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி காய்ச்சல் முகாம் நடக்கும் இடத்தைச் சொன்னது. கோயில் குழாய் ஒலிபெருக்கியும் அதையே சொன்னது. தள்ளுவண்டிக்காரரிடம் எங்கள் தெருப் பெரியவரே முதலில் போய்ப் பழம் வாங்கினார். யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை. மறுநாள் மற்றவர்களும் வாங்கினார்கள்.

ஏப்ரல் 25-இல் ரமலான் நோன்பு தொடங்கியது. நோன்பு நேரத்தில் தனிமை முகாமுக்கு எப்படிப் போவது என்று நிறைய முஸ்லிம் குடும்பங்கள் தயங்கின. பொழுது விடியுமுன் சகர் சாப்பாடு உண்டு, நோன்பு திறக்கப் பேரீச்சம்பழமும் பழங்களும் உண்டு, தொழ இடம் உண்டு என்று தெரிந்ததும் தயக்கம் குறைந்தது. "அங்கே மரியாதையாத்தான் நடத்துறாங்க, உம்மாவையும் அனுப்பிரலாம்" என்று முகாமிலிருந்து ஒருவர் போனில் சொன்ன ஒரு வார்த்தை, எங்கள் கெஞ்சல்கள் அத்தனையையும்விட அதிகம் சாதித்தது. நோயைத் தடுப்பதில் மரியாதைக்கு இருக்கும் பங்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரப்படவில்லை.

மே 1-ஆம் தேதி முதல், வெளியூர்த் தொழிலாளர்களைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோகும் ஷ்ரமிக் ரயில்கள் ஓடத் தொடங்கின. பட்டியலில் பெயர் வந்தவர்கள் மூட்டையோடு கிளம்பினார்கள். ஜரி பட்டறை ஒன்றில் இருந்த பையன்களில் மற்ற எல்லோருக்கும் இடம் கிடைத்தது, ஒருவனுக்கு மட்டும் கிடைக்கவில்லை. இருபது வயதுகூட இருக்காது. நான் போகும்போதெல்லாம் துணி மாட்டாத வெற்றுச் சட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பான். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவான். சோறு கொடுத்தால் மூடியபடியே கிடக்கும். கீழ் வீட்டுத் தமிழ்ப் பாட்டி ஒருத்தி, ஒரு வார்த்தை இந்தி தெரியாதவள், தினமும் ரெண்டு வேளை அவன் வாசலில் வந்து உட்கார்ந்து அவன் சாப்பிட்டு முடிக்கும் வரை எழுந்திருக்க மாட்டாள். தமிழில் அவனைத் திட்டுவாள். நான் மனநல உதவி எண் ஒன்றைப் பிடித்து இந்தியில் பேசும் ஆலோசகரோடு அவனைப் பேச வைத்தேன். எது அவனைத் தேற்றியது என்று கேட்டால் இரண்டும்தான் என்பேன். ஒருநாள் கிளம்பும்போது, "தீதி, நாளைக்கும் வருவீங்களா?" என்று அவனாகவே கேட்டான். அதற்கடுத்த வாரம் ஊருக்குப் போனான்.

ஜூலை 7-ஆம் தேதி தாராவியில் புதிய நோயாளி ஒரே ஒருவர்தான். மூன்று நாள் கழித்து உலகச் சுகாதார அமைப்பின் தலைவர் டெட்ரோஸ், நோயைக் கட்டுப்படுத்திய இடங்களின் வரிசையில் தாராவியின் பெயரைச் சொன்னார். நோயாளி வரும் வரை காத்திருக்காமல் நோயைத் துரத்திப் போய்ப் பிடித்த முறையை உலகமே எழுதியது. டிசம்பர் 25-இல் முதல்முறையாகப் புதிய நோயாளி யாருமே இல்லை. அந்தப் பெருமையில் எனக்கும் ஒரு துளி பங்கு உண்டு. அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் கேமராக்கள் போன பிறகுதான் எங்களிடம் வேறு வகை ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அப்பாவின் முகத்தைப் பார்க்காமலேயே தகனத்துக்கு அனுப்பிய மகன். இட்லி வாங்கிய அலுவலகங்கள் மூடிவிட்டதால் விடியற்காலை மூன்று மணிக்கு வெறுமனே விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாள். ஒரே போனை மூன்று பிள்ளைகள் பங்கு போட்டுப் படித்ததில் கடைக்குட்டி பேச்சையே குறைத்துக்கொண்ட வீடு. பதினாறாம் நாள் காரியமும் நடக்கவில்லை, நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவும் நடக்கவில்லை. துக்கம் அப்படியே தங்கிவிட்டது. எங்கள் சந்துப் பெண்கள் சிலர் மறு வருடம் பொங்கலுக்கு முன்னால் ஒன்றாகச் சமைத்து, இறந்தவர்கள் எல்லோர் பெயரையும் சொல்லி, மதம் பார்க்காமல் ஒன்றாக உட்கார்ந்து அழுதார்கள். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்று மறுநாள் என்னிடம் இரண்டு மூன்று பேர் சொன்னார்கள்.

மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. 2022 அக்டோபரில் அரசு 'டெலி மானஸ்' உதவி எண்ணைத் தொடங்கியது. 14416 என்று அழைத்தால் காசு இல்லாமல் தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும் பேசலாம். போலியோ தேதி சொல்லும்போதே அந்த எண்ணையும் நான் சொல்லிவிடுகிறேன்.

இப்போது தாராவிக்கு இன்னொரு பெரிய மாற்றம் வந்திருக்கிறது. மறுசீரமைப்புத் திட்டத்துக்கான ஏலம் 2022 நவம்பரில் முடிந்தது. 2024-இல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே இருக்கும் தரைத்தள வீட்டுக்காரர்களுக்குத் தாராவிக்குள்ளேயே வீடு. பின்னால் வந்தவர்களிலும் மாடியில் இருப்பவர்களிலும் பலருக்கு வேறு இடம். கழிப்பிடம் வீட்டுக்குள் வருவதை நான் வேண்டாம் என்று சொல்வேனா? வரட்டும். ஆனால் "நாம எங்கே போவோம்கா?" என்று கேட்டுத் தூக்கம் கெட்டவர்களை மறுபடியும் வீட்டுக்கு வீடு பார்க்கிறேன். அந்தப் பாட்டி கீழே இருந்தாள், ஜரி பையன் மேலே இருந்தான். திட்டத்தின் கணக்கில் அவர்கள் இரண்டு வேறு பட்டியல்கள்.

ஆகவே திட்டம் போடுகிறவர்களிடம் நான் கேட்பவை மூன்று. வீட்டுக்கு வரும் எந்தக் கணக்கெடுப்புப் படிவத்திலும் "ராத்திரி தூக்கம் வருகிறதா?" என்று ஒரு கேள்வியைச் சேருங்கள். ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் அந்தச் சந்தின் மொழிகளைப் பேசும் ஒரு மனநல ஆலோசகரை உட்கார வையுங்கள். வீட்டை மாற்றிக் கொடுக்கும்போது, யார் யாருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அங்கே குடியிருப்பவர்களைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். மூன்றுக்கும் பெரிய செலவு ஆகாது.