இரண்டு நிமிடக் கணக்கு

எங்கள் வீட்டில் அப்பா முதன்முதலாக அடுப்புப் பற்றவைத்தது 1987ஆம் ஆண்டு ஆடி மாதத்தில். அம்மாவை அறுவை சிகிச்சைக்காக வேலூருக்கு அழைத்துப் போயிருந்தார்கள். பெரியம்மா உடன் இருந்தாள். கும்பகோணத்து வீட்டில் அக்காவும் தம்பியுமாக நாங்கள் இருவர், கூட்டுறவு வங்கிக்குப் போய்வரும் அப்பா. பகல் சாப்பாட்டை எதிர்வீட்டு அத்தை பார்த்துக்கொண்டாள். இரவுக்கென்று ஒருநாள் அப்பா மளிகைக் கடையிலிருந்து இரண்டு மஞ்சள் பொட்டலங்கள் வாங்கி வந்தார். மேகி நூடுல்ஸ் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது 1983இல். எங்கள் தெருவுக்கு வந்துசேர நான்கு வருடங்கள் பிடித்திருந்தன.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு உறையின் பின்புறத்தைக் கடன் பத்திரம் படிப்பதுபோல் இரண்டு முறை படித்தார். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் அளந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேடைமீது வைத்துக்கொண்டு, சரியாக இரண்டு நிமிடத்தில் இறக்கினார். அடுக்கின் நடுப்பகுதி வேகாமல் நறுக்கென்றிருந்தது. நாங்கள் எதுவும் சொல்லாமல் சாப்பிட்டு முடித்தோம். அம்மாவைப் பற்றி அப்பாவிடம் கேட்கக் கூடாது என்று நாங்களாகவே தீர்மானித்திருந்த நாட்கள் அவை. தண்ணீர் கூடிற்றா குறைந்ததா என்பது ஒன்றுதான் இரவுகளில் எங்கள் மூவருக்கும் பேசக் கிடைத்த பொருள்.

ஏழு வாரம் கழித்து அம்மா திரும்பினாள். பாதியாக இளைத்திருந்தாள். "நான் இல்லாதப்போ ராத்திரி என்னத்தைச் சாப்பிட்டீங்க?" என்றாள். அப்பா செய்து காட்டினார். ஒரு வாய் எடுத்துக்கொண்டு, "வெங்காயம்னு ஒண்ணு வீட்டுல இருக்கறதே உங்களுக்கு ஞாபகம் வரலியா?" என்று கேட்டாள். மறுநாள் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவள் சொல்லச் சொல்ல அப்பா செய்ததுதான் எங்கள் வீட்டு முதல் பக்குவம். நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, கீறிய பச்சைமிளகாய். பிறகு பொடியாக நறுக்கிய வெங்காயம், ஒரு தக்காளி. அது குழைந்தபின் தண்ணீர் ஊற்றிக் கொதித்ததும் அடுக்கை உடைக்காமல் போட வேண்டும். உடைத்தால் அது சேமியா உப்புமா என்பது அம்மாவின் கட்சி. பொடியை முதலிலேயே போடாமல் இறக்குவதற்கு அரை நிமிடம் முன்பு தூவினால் வாசனை நிற்கும். நாங்கள் இன்றும் அப்படித்தான் செய்கிறோம்.

இந்தப் பண்டத்தின் பூர்வகதை பின்னால்தான் தெரிந்தது. தைவானில் 1910இல் பிறந்து ஜப்பானில் வாழ்ந்த மொமொஃபுகு அண்டோ, தாம் தலைவராக இருந்த கடன் சங்கம் நொடித்து, கையிருப்பெல்லாம் போன பிறகு, ஒசாகாவை அடுத்த இகேடாவில் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டுக்கொண்டு மாவோடு மல்லாடினார். ஆவியில் வெந்த இழைகளைச் சூடான எண்ணெயில் போட்டால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாக வெளியேறி, இழையெங்கும் நுண்ணிய துளைகள் விழும். பிறகு வெந்நீர் அந்தத் துளைகள் வழியே புகுந்து இழையைப் பழையபடி மென்மையாக்கும். கண்டுபிடிப்பின் சாரம் இவ்வளவே. 1958 ஆகஸ்ட் 25 அன்று 'சிக்கன் ராமென்' கடைக்கு வந்தபோது அவருக்கு வயது 48. விலை 35 யென். அன்று ஜப்பானில் அதைவிட மலிவாகப் புதிய உடோன் கிடைத்தது. இதை நாங்கள் சொன்னபோது, ஓய்வு பெற்றிருந்த அப்பா வெகுநேரம் சிரித்தார். "சங்கம் மூழ்கினா சேமியா விக்கலாம்னு அப்பவே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

அண்டோவின் நூடுல்ஸுக்கு அடுப்பே வேண்டாம். கிண்ணத்தில் அடுக்கை வைத்து, மேலே ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, தளதளவென்று கொதிக்கும் நீரை விட்டு மூன்று நிமிடம் மூடிவைக்க வேண்டும். வெள்ளைக்கரு அரைவேக்காடாகத்தான் இருக்கும். எங்களில் இளையவனுக்கு அதுவே அமிர்தம். மூத்தவளுக்கு வாடை ஆகாது.

மூத்தவள் கல்யாணமாகிக் கோலாலம்பூர் போனதில் மூன்றாவது பக்குவம் வந்தது. அங்கே தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைகளில் இரவெல்லாம் கிடைப்பது மேகி கோரெங். நூடுல்ஸைப் பாதி வேகவிட்டு வடித்து, குளிர்ந்த நீரில் அலசிவிட வேண்டும். இல்லையேல் வாணலியில் கூழாகிவிடும். நன்றாகக் காய்ந்த வாணலியில் பூண்டு, வெங்காயம், அரைத்த மிளகாய் விழுது. பிறகு பயறுமுளை, கீரைத்தண்டு, வறுத்த தௌஃபூ. ஓரமாக ஒதுக்கி முட்டை உடைத்துக் கிளறி, நூடுல்ஸும் இனிப்புச் சோயா சாற்றும் சேர்த்து, தீயைக் குறைக்காமல் பிரட்டினால் ஒரு கருகல் மணம் வரும். அந்த மணம்தான் பக்குவம். தட்டோரம் சிறு எலுமிச்சை ஒன்றை அரிந்து வைப்பார்கள். ஊருக்கு வந்தபோது அவள் இதைச் செய்து போட, அம்மா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். 2011இல் அம்மா போய்விட்டாள்.

இப்போது அப்பாவுக்கு 83. இரத்த அழுத்தம் காரணமாக உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்த உணவில் உப்பின் பெரும்பகுதி பொட்டலத்துத் தூளில்தான் இருக்கிறது. 'வேண்டாம்' என்று சொல்லிவிடலாம். அவரிடம் எங்களால் சொல்ல முடியவில்லை. வாரத்துக்கு ஒருநாள் என்று உடன்பாடு. தூளில் கால் பங்கு மட்டும். மீதிக்கு மிளகு, சீரகம், நசுக்கிய பூண்டு, நிறையக் காய்கறி, கடைசியில் எலுமிச்சைச் சாறு. புளிப்பும் காரமும் உப்பின் குறையை ஓரளவு மறைத்துவிடுகின்றன. தாளிப்பு அம்மாவினுடையது. முட்டை தனியே வேகவைத்தது. பல்செட்டுக்குத் தோதாக ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் வேகவிடுகிறோம்.

சென்ற தை மாதம் மூவரும் ஒன்றாக இருந்தோம். அம்மா அன்று நாற்காலி போட்டு உட்கார்ந்த அதே வாசலில் அப்பா உட்கார்ந்திருந்தார். நூடுல்ஸ் கொதிநீரில் விழுந்ததும் வழக்கம்போல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாங்கள் தட்டில் போட்டு நீட்டியபோது இன்னொரு முறை பார்த்தார். எத்தனை நிமிடம் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. ஒரு வாய் எடுத்துக்கொண்டு, "உப்பு சரியா இருக்கு" என்றார்.