பாக்ஸையும் எடுத்துட்டு வாங்க

சென்னை ரிச்சி தெருவில், ஒரு மாடிக் கடையில் கிட்டார் ஆம்ப்ளிஃபையர்களைப் பழுதுபார்க்கிறார்கள். நான் போனபோது மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது, இரண்டு இ.எல்.34 வால்வு போட்ட 50 வாட் ஆம்ப். சத்தமே வரவில்லை என்று தூக்கிவந்த இளைஞரிடம் மெக்கானிக் அண்ணன் கேட்டது ஒன்றுதான்: "எந்த பாக்ஸ்ல போட்டீங்க?" அந்த ஸ்பீக்கர் பாக்ஸ் வீட்டில் இருக்கிறதாம். "அதையும் ஒயரையும் எடுத்துட்டு வாங்க தம்பி. அதப் பாக்காம இதுல கை வைக்க மாட்டேன்."

அவர் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. அந்த வால்வு ஜோடிக்குச் சுமார் 3,400 ஓம்ஸ் லோடு வேண்டும். ஸ்பீக்கரோ வெறும் 8 அல்லது 16 ஓம்ஸ். நடுவே இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்தான் இரண்டையும் ஒத்துப்போக வைக்கிறது. 8 ஓம்ஸ் முனைக்குச் சுற்று விகிதம் ஏறக்குறைய 20க்கு 1. ஓம்ஸ் கணக்கில் அது 400 மடங்குக்கு மேல். "டிரான்ஸ்ஃபார்மருக்குன்னு சொந்த ஓம்ஸ் கிடையாது. நீங்க மாட்டுறதத்தான் பெருக்கிக் காட்டும்" என்றார். அந்த 8 ஓம்ஸ் முனையில் 4 ஓம்ஸ் பாக்ஸை மாட்டினால் வால்வுக்குப் பாதி லோடுதான் கிடைக்கும், வால்வு சீக்கிரம் தேயும். 16 மாட்டினால் லோடு இரட்டிப்பாகும், வோல்டேஜ் ஏறும். ஒன்றுமே மாட்டாமல் வாசிப்பதுதான் பேராபத்து. டிரான்ஸிஸ்டர் ஆம்ப் இதற்கு நேர் எதிர்: ஸ்பீக்கர் இல்லாமல் பெரும்பாலும் தாங்கும், ஓம்ஸ் குறைந்தால் எரியக்கூடும். ஒன்றின் விதியை மற்றதற்குப் போட்டுத்தான் பல ஆம்ப்கள் இந்த மேசைக்கு வருகின்றன.

வால்வு சாக்கெட்டை என்னிடம் காட்டினார். இரண்டாம் பின்னுக்கும் மூன்றாம் பின்னுக்கும் நடுவே கருகிய கோடு. லோடு இல்லாதபோது டிரான்ஸ்ஃபார்மரில் எழும்பும் வோல்டேஜ் அங்கே தாவியிருக்கிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும். சுரண்டிப் பயனில்லை, சாக்கெட்டையே மாற்ற வேண்டும்.

மாலையில் பாக்ஸ் வந்தது. உள்ளே 16 ஓம்ஸ் ஸ்பீக்கர்கள் நான்கு. இரண்டிரண்டாகத் தொடரில் கட்டி, அந்த இரு ஜோடிகளையும் பக்க இணைப்பில் சேர்த்தால் மொத்தம் மறுபடி 16தான். மீட்டர் 13 காட்டியது. பழுதோ என்று நினைத்தேன். மீட்டர் காயிலின் டிசி தடையை மட்டுமே அளக்கும் என்றார். பாக்ஸின் பின்னால் எழுதியிருக்கும் எண்ணும் ஒரு பேச்சுக்குத்தான்; சுருதிக்குச் சுருதி ஓம்ஸ் மாறும். கிட்டார் ஸ்பீக்கர் பலவற்றில் 75 ஹெர்ட்ஸ் வாக்கில் அது பல மடங்கு எகிறும். கிட்டாரின் தடித்த கம்பி ஒலிப்பது 82 ஹெர்ட்ஸில். வால்வு ஆம்பில் அந்தக் கம்பி திரண்டு ஒலிப்பதில் இந்த மேட்டுக்கும் பங்குண்டு. இதைக் கேட்டபின் பொருத்தம் என்பதை ஒற்றை எண்ணாக என்னால் பார்க்க முடியவில்லை.

பாக்ஸில் குறையில்லை. பிறகு ஒயரை மீட்டரில் மாட்டி அசைத்தார். முள் விழுந்து விழுந்து எழுந்தது. அது ஸ்பீக்கர் ஒயரே இல்லை, கிட்டாரிலிருந்து ஆம்புக்குப் போகும் மெல்லிய ஒயர். இரண்டுக்கும் ஒரே ஜாக் என்பதால் மாறிவிட்டது. வாசிக்க வாசிக்க உள்கம்பி சூடேறி அறுந்திருக்கிறது, ஆம்ப் லோடில்லாமல் நின்றிருக்கிறது.

ஆம்பை மட்டும் சரிசெய்து அனுப்பியிருந்தால் அடுத்த கச்சேரியிலேயே புதுச் சாக்கெட்டும் கருகியிருக்கும். இந்த விசாரணைக்குத்தான் வாடிக்கையாளர்கள் கூலி தர யோசிக்கிறார்கள். மாற்றிய பாகத்துக்கு மட்டும் விலை கேட்கிறார்கள். அது அநியாயம் என்றே எனக்குப் படுகிறது.

சாக்கெட்டை மாற்றி, தடித்த ஒயர் ஒன்றைக் கட்டிக் கொடுத்தார். பழைய ஒயரின் இரண்டு ஜாக்கையும் வெட்டியெடுத்துவிட்டுத்தான் அந்தத் தம்பியிடம் நீட்டினார்.