கோவாவில் கோகம் சர்பத்

கோவாவுக்குப் போகிறேன் என்று தமிழ்நாட்டில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். கடலைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. பழைய தேவாலயங்களைப் பற்றிக் கேட்பவர்கள் அதைவிடக் குறைவு. "அங்க சரக்கு சல்லிசாமே?" என்பதுதான் முதலில் வரும் கேள்வி. அதில் உண்மையும் இருக்கிறது. பக்கத்து மாநிலங்களை விட அங்கே மதுவுக்கு வரி குறைவு, அதனால் விலையும் குறைவு. கடற்கரைச் சாலை நெடுக மதுக்கடைகள். கிராமத்து முக்குகளில் நாலு மேசை போட்ட 'தவெர்னா' என்னும் பழைய பாணி மதுக்கூடங்கள்.

சேலத்துக்காரர் ஒருவர் இந்தக் கோவாவில், சியோலிம் கிராமத்தில் குடியிருக்கிறார். வீடியோ எடிட்டிங் வேலை. மதுவைத் தொடுவதில்லை. அப்பா கல்லீரல் கெட்டு, பேரப்பிள்ளைகளைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தவர். ஏன் குடிப்பதில்லை என்று கேட்டால் அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்வார். வேலைக்காக வீடு மாறப் போகிறேன் என்றபோது அவருடைய அம்மாவுக்குத்தான் தூக்கம் போனது. "ஊருக்கா பஞ்சம்? அங்கதான் போகணுமாடா?"

அம்மா பயந்ததில் நியாயம் உண்டு. ஆனால் தொல்லை அவர் நினைத்த திசையிலிருந்து வரவில்லை.

சியோலிமில் மகன் வழக்கமாகப் போகும் தவெர்னாவில் மார்ச் முதல் மே வரை எல்லோர் கையிலும் உர்ராக் இருக்கும். முந்திரிப்பழச் சாற்றைப் புளிக்க வைத்து முதல் தடவை வடிக்கும்போது கிடைக்கும் மென்மையான சரக்கு அது. மறுபடி வடித்தால் ஃபெனி. உர்ராக்கோடு லிம்கா ஊற்றி, உப்புப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, நீளவாக்கில் கீறிய ஒரு பச்சை மிளகாயைக் கண்ணாடித் தம்ளருக்குள் நிறுத்திக் கொடுப்பார்கள். "உர்ராக் மட்டும் வேண்டாம், மத்ததெல்லாம் இருக்கட்டும்" என்றார் நம் சேலத்துக்காரர். கல்லாவில் இருந்த பெரியவர் ஏன் என்று கேட்கவில்லை, முகத்தை ஏற இறங்கப் பார்க்கவும் இல்லை. மிளகாயைக் கீறினார், உப்பைத் தூவினார், தம்ளரை நகர்த்தினார். பக்கத்து மேசையில் கால்பந்து பற்றிய வாக்குவாதம் அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. உறைப்பும் புளிப்புமாக அந்தத் தம்ளர் அவருக்குப் பிடித்துப்போனது. இப்போது அவர் உள்ளே நுழைந்தாலே பெரியவர் மிளகாயை எடுத்துவிடுகிறார்.

ஒரு கணக்கைப் பார்த்தால் அந்தப் பெரியவர் ஏன் ஆச்சரியப்படவில்லை என்பது புரியும். 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, கோவாவில் 15 வயதைத் தாண்டிய ஆண்களில் மது அருந்துகிறவர்கள் சுமார் 37 சதவீதம். நாட்டின் சராசரியான 19 சதவீதத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதிகம்தான், கவலைப்பட வேண்டியதும்தான். ஆனால் அதே கணக்கு, அங்குள்ள ஆண்களில் பத்துக்கு ஆறு பேர் குடிப்பதில்லை என்றும் சொல்கிறது. சுற்றுலாப் பயணியின் கண்ணில் இந்த ஆறு பேர் படுவதே இல்லை.

வற்புறுத்தல் வந்ததெல்லாம் விமானத்திலும் ரயிலிலும் வந்து இறங்கிய நண்பர்களிடமிருந்துதான். நீண்ட வார இறுதி என்றால் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஒரு கூட்டம் வந்துவிடும். "மச்சி, கோவால உக்காந்துகிட்டு ஜூஸா?" "ஒண்ணே ஒண்ணுடா, எங்களுக்காக." அவர்களும் கெட்டவர்கள் அல்ல. தாம் குடிக்கும்போது பக்கத்தில் ஒருவர் குடிக்காமல் இருப்பது, தங்களைக் குறை சொல்வதுபோல அவர்களுக்குப் படுகிறது. அதனால்தான் அவர்களிடம் அப்பா கதையை அவர் எடுப்பதில்லை. காரணம் சொல்லத் தொடங்கினால் அதற்கு மறுப்பு வரும், மறுப்புக்குப் பதில் சொல்ல வேண்டி வரும், சாயங்காலம் வழக்காடு மன்றமாகிவிடும். "நான் குடிக்கிறதில்ல. சோடா சொல்லுங்க" என்பதோடு சரி. கையில் நிறைந்த தம்ளர் ஒன்று இருந்தால் அடுத்த கேள்வி பெரும்பாலும் வருவதில்லை.

இன்னொரு சுமை உண்டு. குடிக்காதவர் என்று தெரிந்ததும் எல்லா வண்டிச் சாவிகளும் அவர் கைக்கு வந்துவிடும். பாகா, அஞ்சுனா, வாகத்தூர் என்று கூட்டம் இடம் மாற மாற, பின்னாலேயே ஓட்டுநராக அலைய வேண்டும். சேலத்துக்காரர் இதில் கறார். பதினொரு மணி வரை அவர் ஓட்டுவார். அதற்கு மேல் டாக்சிதான், முன்கூட்டியே சொல்லிவிடுவார். குடித்துவிட்டு வாடகை ஸ்கூட்டரை எடுப்பதற்கு மட்டும் எந்த நேரத்திலும் விடமாட்டார். அந்தக் குறுகலான தென்னந்தோப்புச் சாலைகளை இரவில் பார்த்தவர்கள் அவருடைய கோபத்தைப் புரிந்துகொள்வார்கள்.

குடிக்காதவருக்குக் கோவா காலையைத் தருகிறது. விருந்துக்கு வந்தவர்கள் ஒருநாளும் பார்க்காத காலை. விடிந்தும் விடியாத நேரத்தில் 'போதேர்' என்னும் ரொட்டிக்காரர் சைக்கிள் ஹாரனை அமுக்கிக்கொண்டு வருவார். பின்னால் மூங்கில் கூடை, அதற்குள் துணி மூடிய சுடச்சுட ரொட்டி. கரையில் பெருவலையை இழுக்கக் கிராமமே ஒரே கயிற்றைப் பிடித்து நிற்கும். வெள்ளிக்கிழமையானால் மாப்புசா சந்தை. கருவாடும், சரம் கட்டிய 'சொரிசோ' என்னும் கோவா தொத்திறைச்சியும், கோகம் என்னும் புளிப்புப் பழத்தின் காய்ந்த தோலும் குவிந்து கிடக்கும். மண்டோவி ஆற்றைப் படகில் கடந்தால் சோராவ் தீவு. அங்கே அலையாத்திக் காட்டுக்குள் சலீம் அலி பெயரில் ஒரு பறவைகள் சரணாலயம். இவ்வளவையும் பார்த்துவிட்டுத் திரும்பும்போதும் நண்பர்கள் போர்வைக்குள்தான் இருப்பார்கள்.

முந்திரிப் பருவத்தில் அவர் தேடிப் போவது நீரோவுக்காக. போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம் முந்திரி. நம் பக்கத்தில் கொல்லாம்பழம் என்பார்களே, அந்தப் பழத்தை மிதித்துச் சாறெடுத்த பிறகு சக்கையைக் குவித்து மேலே பாறாங்கல்லை ஏற்றிவிடுகிறார்கள். இரவெல்லாம் அடியில் சொட்டுச் சொட்டாக இறங்குவது தெளிந்த, தொண்டையைக் கரகரக்க வைக்காத இனிப்பு நீர். புளிக்கத் தொடங்குவதற்குள் குடித்துவிட வேண்டும், அதனால் பாட்டிலில் அடைத்து ஊருக்கு அனுப்ப வழியில்லை. 2009இல் புவிசார் குறியீடு பெற்று, 2016இல் பாரம்பரிய மதுவாக அறிவிக்கப்பட்ட ஃபெனியைப் பலருக்கும் தெரியும். அதே பழத்தின் நீரோவைக் குடிக்கக் காலையில் தோப்புக்கே போக வேண்டும்.

ஜூன் 24 சான் ஜுவாவ் திருநாள். மழையில் கிணறுகள் ததும்பும் நாள். தலையில் 'கோப்பேல்' என்ற பூ முடி சூடி, பாட்டும் மேளமுமாக வீடு வீடாகப் போய், "விவா சான் ஜுவாவ்" என்று கத்திக்கொண்டு இளவட்டங்கள் கிணற்றில் குதிப்பார்கள். புது மாப்பிள்ளைகளுக்குத் தனி மரியாதை. ஃபெனி பாட்டில் கை மாறிக்கொண்டே இருக்கும். சியோலிமில் அன்றைக்கு அலங்கரித்த படகுகளின் ஊர்வலமும் உண்டு. சேலத்துக்காரரும் கோப்பேல் சூடிக் குதிக்கிறார். குதித்து ஏறியபின் கயிற்றோடு கிணற்று மேட்டில் நிற்பவர்களோடு சேர்ந்துகொள்கிறார். நினைவு தெளிவாக உள்ள நாலு பேர் அந்த மேட்டில் நின்றாக வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். அவரை அக்கம்பக்கம் தங்களில் ஒருவராக எண்ணத் தொடங்கியது அந்தக் கயிற்றைப் பிடித்த பிறகுதான்.

குடியால் சிதைந்த வீடுகள் கோவாவிலும் உண்டு. அதற்கு மருந்து தேடியவர்களும் அங்கேயே இருக்கிறார்கள். 1996இல் தொடங்கப்பட்ட சங்காத் தொண்டு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களில் அளவு மீறிக் குடிக்கும் ஆண்களிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஆலோசனை சொன்னவர்கள் மருத்துவர்கள் அல்ல, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். அதிகபட்சம் நாலு அமர்வுகள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவீதத்தினர் அந்த அபாயக் கட்டத்திலிருந்து மீண்டிருந்தார்கள். பெறாதவர்களில் 26 சதவீதம். 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது இது. பொறுமையாக உட்கார்ந்து பேச ஒருவர் கிடைத்தாலே இவ்வளவு நடக்கும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. பல காலம் தினமும் குடித்தவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அரசின் குடிநோய் உதவி எண் 14446. கட்டணம் கிடையாது.

வாஸ்கோவிலிருந்து வேளாங்கண்ணிக்கு ஒரு வாராந்திர ரயில் ஓடுகிறது. மாதாவுக்கு நேர்ந்துகொண்ட கோவா குடும்பங்களால் நிறைந்திருக்கும். ஊருக்கு வரும்போது ஒருமுறை எதிர் இருக்கையில் மட்காவ் பக்கத்து அம்மா ஒருவர். "ஆன்ட்டி" என்று இவர் பேச்சுக் கொடுக்க, அவர் "பாபா" என்று அழைத்துத் தன் கதையைச் சொன்னார். கணவர் குடியை நிறுத்தியதற்காகத்தான் அந்த நேர்ச்சை. "நிறுத்தினதுகூட பெரிசில்ல பாபா. கல்யாண வீட்டுல, ஞானஸ்நான வீட்டுல ஊத்திக் கொடுக்க வந்தவங்ககிட்ட இருந்து காப்பாத்தினதுதான் பெரிசு."

விருந்து வைக்கிற ஒவ்வொருவரும் அந்த அம்மாவின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், ஒருமுறை சொன்னதே போதும் என்று விட்டுவிடுங்கள். காரணம் கேட்காதீர்கள். உறவினர்கள் முன்னால் சீண்டாதீர்கள். மற்றவர்களுக்குச் செலவழிக்கும் அக்கறையில் கொஞ்சம் எடுத்து, அவருக்கும் ருசியாக ஒன்றைத் தயார் செய்யுங்கள். கோகம் தோலை ஊறவைத்து, சர்க்கரையும் உப்பும் வறுத்த சீரகப் பொடியும் சேர்த்தால் சர்பத் ஆயிற்று. கோகம் கிடைக்காவிட்டால் நன்னாரி இருக்கிறது.