கரிமூட்டத்து இரவு: திருச்செந்தூர் நடைக்கு ஓர் ஒத்திகை (பகுதி 2)

தைப்பூசத்தை முன்னிட்டுக் கரிசல் வட்டாரத்து மக்கள் பச்சை ஆடை உடுத்தித் திருச்செந்தூருக்கு நடந்து செல்லும் வழக்கம் பாதயாத்திரை எனப்படுகிறது. வழிநெடுக அன்னதானப் பந்தலும் படுக்க மண்டபமும் கிடைத்துவிடுவதால், அதில் செல்வோர் தோளில் ஒரு துணிப்பைக்கு மேல் சுமப்பதில்லை. கூட்டத்தோடு சேராமல், விழாவுக்கு முன்னரே தனியாக அவ்வழியைக் கடக்க விரும்புபவருக்கோ இவற்றுள் எதுவும் இல்லையாதலால், சோறு, படுக்கை, தண்ணீர் ஆகிய மூன்றையும் முதுகில் ஏற்றிக்கொள்ள நேர்கிறது. அத்தகைய நெடுநடைக்கு முன், ஓர் இரவு மட்டும் வெளியில் தங்கிச் சுமையையும் காலையும் சோதித்துக்கொள்வதே ஒத்திகை நடை. விளாத்திகுளத்திலிருந்து வைப்பாற்றை ஒட்டிக் கடற்கரை வரை, ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவுக்கு, மார்கழியில் மேற்கொள்ளப்பட்ட அந்நடையே இப்பகுதியின் பொருளாகும். முதற்பகுதியில் வியந்து பட்டியலிடப்பட்ட கருவிகளுள் பாதி இங்கே பழிக்கப்படும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

சுமை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பது நெடுநடையாளரிடையே வழங்கும் விதி. இத்தொடரின் ஆசிரியருடைய எடை 62 கிலோ. பையின் எடை 13 கிலோ. அதில் தண்ணீர் மட்டுமே ஐந்து. நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்த்துப்போன இவ்வட்டாரத்தில் குடிநீருக்கு ‘நல்ல தண்ணி’ என்றே பெயர். அது குழாயில் வராத நாளில் வண்டியில் வந்து குடக்கணக்கில் விலைபோகிறது. 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளுள், வேம்பார்த் தொகுதியைச் சேர்ந்த இரண்டுக்கு நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு என்று பெயர் வழங்குவதும் இங்கே நினைக்கத்தக்கது. ஊர் எல்லையிலிருந்த ஒரு கடையில், இருபது ரூபாய் என்று அச்சிட்ட பாட்டிலுக்கு இருபத்தைந்து வாங்கிக்கொண்டு, ஐந்து ரூபாய் ‘கூலிங்’குக்கு என்று விளக்கமும் தரப்பட்டது, பாட்டில் வெந்நீர்ப் பதத்தில் இருந்தது.

ஆற்றைப் பற்றி மிகுதியாகச் சொல்ல ஒன்றுமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து சாத்தூர் வழியாக வரும் வைப்பாறு, இங்கே பெரும்பாலும் மணலும் கருவேலமுமாகக் கிடக்கிறது. கரையில் உளுந்தும் மக்காச்சோளமும் மிளகாய்ச் செடியும் மாறிமாறி வந்தன. ஈரக் கரிசல் காலணியின் அடியில் அப்பி, அடிக்கு அடி கனம் கூட்டியது.

மாலை மங்கும் வேளையில் சீமைக்கருவேல முள்ளொன்று, மலையேற்றத்துக்கென்றே செய்யப்பட்டதாகச் சொல்லி விற்கப்பட்ட காலணியின் அடித்தோலைத் துளைத்து உள்ளங்காலில் இறங்கியது. நொண்டிக்கொண்டே சென்றவருக்குப் புகை தெரிந்தது. அது கரிமூட்டம். கருவேல விறகை வட்டமாக அடுக்கி, தழை போர்த்தி, அதன்மேல் ஈரமண் பூசி, காற்று அளவோடு மட்டும் புகும்படி சிறுதுளைகள் விட்டு, நாள்கணக்கில் கனியவைத்துக் கரியாக்கும் மேட்டுக்கு அப்பெயர். மண் எங்கேனும் சரிந்து காற்று தாராளமாக நுழைந்தால் விறகு எரிந்து சாம்பலாகிவிடுமாகையால், இரவு முழுவதும் ஒருவர் காவல் இருந்தாக வேண்டும். காவலிருந்த பெரியவர், வந்தவரைக் காட்டிலும் பையைத்தான் முதலில் பார்த்தார்.

“என்ன தம்பி, குடும்பத்தையே உள்ள வச்சுத் தூக்கிட்டு வாரீகளா?”

முள் விவரம் தெரிந்ததும், இடுப்புக் கயிற்றில் கோத்திருந்த ஊக்கால் அதைக் கெல்லி எடுத்து, எருக்கம்பால் ஒரு சொட்டு வைத்தார். பிறகு தம் காலிலிருந்த டயர் செருப்பை, அதாவது பழைய வண்டிச் சக்கரத்தின் ரப்பரை அறுத்துத் தைத்த செருப்பை, கழற்றித் திருப்பிக் காட்டினார். அதன் அடியில் முறிந்த முள்முனைகள் பத்துப் பன்னிரண்டு, ஆணி அடித்தாற்போல் நின்றன. ஒன்றுகூட மேலே வரவில்லை. தம் மலையேற்றக் காலணிக்குக் கொடுத்த விலையை அவரிடம் சொல்லும் துணிவு ஆசிரியருக்கு எழவில்லை.

உணவும் அவருடையதே. ஆசிரியரின் கைக்கடக்கமான அடுப்பைப் பற்றவைக்க மூன்று தீக்குச்சிகள் காற்றில் அணைந்த பின், மூட்டத்தின் சூடேறிய மண்ணோரத்தில் புதைத்துவைத்திருந்த பனங்கிழங்குகளை அவர் கிளறி எடுத்தார். மார்கழியும் தையும் பனங்கிழங்குக் காலம். கருகிய தோலை உரித்து, நெடுக்காகப் பிளந்து, நடுவிலிருந்த நரம்பை உருவி எறிந்து, உப்பும் பச்சை மிளகாயும் சேர்த்து நீட்டினார். மாவும் நாருமாக, மெல்ல மெல்ல இனிக்கும் அக்கிழங்கைப் புகைமணத்தோடு தின்றவருக்கு, பையிலிருந்த பொட்டலச் சேமியா நினைவுக்கே வரவில்லை. பதிலாக நீட்டிய பாட்டிலை மட்டும் பெரியவர் மறுக்காமல் வாங்கி, வாய்படாமல் அண்ணாந்து குடித்து, “இது ஒண்ணுதாம் தம்பி உருப்படியான சுமை” என்றார். அடுத்து நீட்டிய நூறு ரூபாய்த் தாளை அவர் தொடவேயில்லை.

புகை வெண்மையாக வந்தால் விறகின் ஈரம் போய்க்கொண்டிருக்கிறது என்றும், நீலம் பாய்ந்தால் கரி கனிந்துவிட்டது என்றும் அவர் விளக்கினார். நள்ளிரவில் ஒருபுறம் மண் விரிந்து செந்நிறம் எட்டிப்பார்த்தபோது, எழுந்து இரண்டு மண்வெட்டி மண்ணைப் போட்டுத் தட்டிவிட்டு, பாதியில் நின்ற பேச்சை விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தார். பனிமலைக்கென்று வாங்கிய உறைப்படுக்கை அச்சூட்டருகே வியர்க்கவைத்ததால், அவர் தந்த கரிச்சாக்கின் மேல் ஆசிரியர் உறங்கினார்.

மறுநாள் முற்பகல், கீழவைப்பாறும் சிப்பிகுளமும் அடுத்தடுத்து அமைந்த கடற்கரையை அந்நடை எட்டியது. முத்துக்குளித்துறையின் பழைய பரதவர் ஊர்களுள் வைப்பாறும் ஒன்று. 1542இல் இக்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் ஊர் ஊராக நடந்தே மறைப்பணி செய்தவர். அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961இல் முடிந்துபோனது. கடலைக் கண்டதும் பொங்கியிருக்க வேண்டிய உவகை, கால் கொப்புளத்தில் அடங்கிவிட்டதால், இதற்கு மேல் வருணனை இல்லை.

திரும்பும் பேருந்தில் பைக்கும் சேர்த்துச் சீட்டுக் கிழிக்கப்பட்டது. இரவில் விரித்த சாக்கின் கரி சட்டை முதுகெல்லாம் அப்பியிருந்ததால், முதற்பகுதியில் பேருந்து நிலையத்துத் தூய்மையைப் பற்றி ஒரு பக்கம் முழுக்கக் குறைபட்டவரின் அருகில், விளாத்திகுளம் வரை ஒருவரும் உட்காரவில்லை.