அத்தோ கலந்த வாரம்

ஜூலை 8, செவ்வாய்

சமையல் போட்டி நிகழ்ச்சியின் குழுச் சுற்றுக்குத் தெரு உணவு என்று அறிவித்துவிட்டார்கள். அணிக்கு நான்கு பேர். சமைக்க மூன்று மணி நேரம், பரிமாற ஒரு மணி நேரம். வருகிற நூறு பேரும் இரண்டு கடையிலும் சாப்பிட்டுவிட்டு, பிடித்த கடையின் டப்பாவில் டோக்கன் போடுவார்கள். எதிரணி அங்கேயே கொத்து பரோட்டா என்று முடிவு செய்துவிட்டது. எங்களுக்குள் பேச்சு இழுத்தது. கல்லூரித் தம்பி பானிபூரி என்றான். கோவைக்காரன் நான், தள்ளுவண்டிக் காளானுக்காக வாதாடினேன். எல்லாரும் பேசி ஓய்ந்தபிறகு வியாசர்பாடி அக்கா, "அத்தோ போடலாம்பா, பர்மா நூடுல்ஸ். அடுப்பு வேலை முன்னாடியே முடிஞ்சிடும்" என்றார். அந்த இரண்டாவது வாக்கியம்தான் என்னை இழுத்தது.

ஜூலை 9, புதன்

மாலையில் அக்கா எங்களைப் பாரிமுனை செகண்ட் லைன் பீச்சுக்குக் கூட்டிப்போனார். அவருடைய தாத்தா ரங்கூனில் கடை வைத்திருந்தவர். 1962-ல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-ல் கடைகள் அரசுடைமையாயின, 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. லட்சக்கணக்கான இந்தியர்கள் வெளியேறினார்கள். கப்பலில் சென்னைக்கு வந்து இறங்கியவர்கள் பிழைக்க 1969-ல் பர்மா பஜார் உருவானது. அத்தோவும், மொய்ங்கா என்னும் மீன்குழம்பு நூடுல்ஸும் அவர்களோடு வந்த சாப்பாடு.

அங்கே ஒரு அத்தோ கடைக்கார அண்ணன் கலப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வேகவைத்து எண்ணெய் தடவிய தடித்த நூடுல்ஸ் ஒரு பிடி. மெல்லிசாக அரிந்த பச்சை முட்டைகோஸ், வெங்காயம், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளிக்கரைசல், கொரகொரப்பான மிளகாய்த்தூள், உப்பு, மேலே நொறுக்கிய பேஜோ என்னும் மொறுமொறு தட்டை. எதையும் அளக்கவில்லை. விரல்கள் ஒருமுறை உள்ளே போய் வெளியே வருவதற்குள் எந்தத் தட்டுக்கு எண்ணெய் போதவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. பக்கத்தில் வாழைத்தண்டு சூப் கொதிக்கிறது. கேட்டவர்க்கெல்லாம் ஊற்றிக்கொண்டே இருக்கிறார். சந்தேகம் கேட்டபோது கை நிற்காமலே சொன்னார்: "கோஸ்ல முன்னாடியே உப்பு போட்டுடாதீங்க தம்பி, தண்ணி விட்டுடும். தட்டு தட்டாத்தான் கலக்கணும்." வேலை நேரத்தில் இவ்வளவு பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஜூலை 11, வெள்ளி

அக்கா வீட்டு மொட்டைமாடியில் ஒத்திகை. வேலை பிரித்தாயிற்று: தம்பிக்குச் சூப், ஓய்வுபெற்ற டீச்சருக்கு வெங்காயமும் பூண்டும், எனக்கு நூடுல்ஸும் புளியும், கலவை அக்கா கையில். பூண்டைப் பொன்னிறத்துக்கு ஒரு நொடி முன்பே இறக்க வேண்டும். எண்ணெயின் சூட்டிலேயே மீதி நிறம் ஏறிவிடும். டீச்சர் இதை ஒருமுறை கேட்டதும் பிடித்துக்கொண்டார்.

ஜூலை 12, சனி

படப்பிடிப்பு. விடிவதற்குமுன் போய், சட்டையில் மைக் குத்திக்கொண்டு வெகுநேரம் காத்திருந்தோம். சமைக்கிற நேரம் ஓடிய வேகம் தெரியவில்லை.

கதவு திறந்ததும் கூட்டம் முழுக்க எதிரணிப் பக்கம் போனது. தோசைக்கல்லில் கரண்டி தாளம் போட்டால் யாருக்குத்தான் கால் நிற்கும்? அத்தோவுக்குச் சத்தமும் இல்லை, புகையும் இல்லை. தம்பி சூப் பானையின் மூடியைத் திறந்துவைத்தான். மிளகு வாசனைக்குச் சிலர் திரும்பினார்கள். அதன்பிறகு வரிசை எங்கள் பக்கம் வளர்ந்தது. காரணம் எளிது. கல்லில் ஒரு ஈடு கொத்தி முடிகிறவரை பத்துப் பேர் காத்திருக்க வேண்டும். அக்காவோ கண்ணெதிரே ஒவ்வொரு தட்டாகக் கலந்து, "காரம் கம்மியா? புளி தூக்கலா?" என்று முகம் பார்த்துக் கேட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். கையுறை போட்டுத்தான் கலக்க வேண்டும் என்பது அரங்க விதி. அது சரியான விதிதான். உறைக்குள்ளிருந்தும் அந்த விரல்கள் வேலையை மறக்கவில்லை.

நடுவர்களுக்கு வைத்த தட்டு மட்டும் கேமரா படம் பிடித்து முடிகிறவரை காத்திருந்து கோஸ் தளர்ந்துபோயிற்று. கலந்த கையோடு சாப்பிட வேண்டியதைக் காக்கவைத்து ருசி பார்ப்பது அந்த உணவுக்குச் செய்கிற நியாயமில்லை. இதை அங்கேயே சொன்னேன்.

எங்களுக்கு 57 டோக்கன், அவர்களுக்கு 43. அக்காவைத் தம்பி தூக்கிச் சுற்றினான்.

ஜூலை 13, ஞாயிறு

நான்கு பேரும் செகண்ட் லைன் பீச்சுக்குப் போய் அண்ணனிடம் சொன்னோம். சிரித்தார், தட்டு போட்டுக் கொடுத்தார், காசு வாங்க மறுத்தார், டீச்சர் விடவில்லை.

படப்பிடிப்பில் எடுத்த பேட்டியில் அக்கா அண்ணனைப் பற்றி நிறையச் சொல்லியிருந்தார். அந்தப் பகுதி நீளத்துக்காக வெட்டப்படும் என்று இன்று தகவல் வந்தது. எனக்கு அதில் சம்மதமில்லை. நான்கு பேரும் கையெழுத்திட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறோம். தெரு உணவை வைத்துப் போட்டி நடத்துகிறவர்கள், அதைக் கற்றுக்கொடுத்த கடைக்காரரின் பெயரையும் தெருவையும், அவர் சம்மதத்தோடு, திரையில் போட்டே ஆக வேண்டும்.