அண்பல்

எங்களுக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அப்பாவின் மேல்வரிசை முன்பற்களில் ஒன்று சாம்பல் நிறம். நாங்கள் பிறப்பதற்கு முன்பே ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில் வழுக்கி விழுந்து அடிபட்டதாம். சில நாட்கள் வலித்து அடங்கிவிட்டது. பல் மட்டும் மெல்ல மெல்ல நிறம் மாறியது. அண்ணனும் தங்கையுமான எங்கள் இருவருக்கும் அது அப்பாவின் முகத்தில் ஓர் அடையாளம், அவ்வளவே.

சென்ற ஆண்டு தை மாதத்தில் அந்தப் பல்லுக்கு மேலே ஈறில் ஒரு கொப்புளம் எழுந்தது, உதடு வீங்கியது. ஐந்து நாள் மாத்திரையில் வீக்கம் வடிந்தது. சரியாகிவிட்டது என்று நாங்கள் அவரவர் ஊருக்குத் திரும்பினோம். மூன்று வாரத்தில் மறுபடியும் வந்தது.

முதலில் பார்த்த மருத்துவர், எழுபது வயதுக்கு மேல் எதற்கு வேர் சிகிச்சை, எடுத்துவிட்டுச் செயற்கைப் பல் வைத்துக்கொள்ளலாம் என்றார். உண்மையைச் சொல்வதானால் எங்களுக்கும் அது உவப்பாகவே இருந்தது. ஒரே நாளில் முடியும், விடுப்பு மிச்சம். அத்தை மட்டும், மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று எதிர்த்தார். தமிழ்நாட்டு வீடுகளில் தலைமுறை தலைமுறையாக உலவும் அச்சம் இது. பல்லுக்குச் செல்லும் நரம்பு வேறு, பார்வைக்கான நரம்பு வேறு என்று அவரிடம் விளக்கினோம். அப்பா எதுவும் பேசவில்லை.

மறுநாள் காலை தொல்காப்பியத்தை எடுத்துப் பிறப்பியலைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியர். ஓய்வு பெற்ற பின்னும் தெருப் பிள்ளைகளுக்குத் திண்ணையில் பாடம் சொல்பவர். தகரமும் நகரமும் மேல்வாய்ப் பல்லின் அடியில், அண்பல்லில், நாநுனி பரந்து ஒற்றப் பிறப்பவை. வகரத்துக்கு மேற்பல்லும் கீழுதடும் வேண்டும். “‘தந்தை’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு எங்கே போகிறது?” என்றார். சொல்லிப் பார்த்தோம். செயற்கைப் பல்லுக்கும் நாக்கு நாளடைவில் பழகிவிடும் என்பது மெய்தான். ஆனால் அந்த மனிதரிடம் அதைச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அவர் கேட்டது பல்லை அல்ல என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆகவே காவிரிப் பாலம் கடந்து தில்லைநகரில் வேறொரு மருத்துவரிடம் சென்றோம். இளம்பெண். குளிர்ந்த பஞ்சை ஒவ்வொரு பல்லாக வைத்தார். பக்கத்துப் பற்களில் அப்பா முகம் சுளித்தார். சாம்பல் பல்லில் வைத்ததை அவர் அறியவே இல்லை. எக்ஸ்ரேயில் வேர் நுனியைச் சுற்றிப் பட்டாணியளவு கரிய நிழல்.

பல் என்பது கல் அன்று. எனாமலுக்கும் அதனடியிலிருக்கும் தந்தினிக்கும் உள்ளே, வேர் நுனி வரை ஓடும் குழலில் இரத்த நாளங்களும் நரம்பும் கொண்ட பற்கூழ் இருக்கிறது. அடிபட்ட அன்று வேர் நுனியில் அந்த நாளங்கள் அறுந்திருக்க வேண்டும். கூழ் மடிந்தது, வலியும் அதனோடு மடிந்தது. நாங்கள் குணமென்று நினைத்தது அதைத்தான். மடிந்த கூழில் கிருமிகள் குடியேறின. அங்கே இரத்த ஓட்டம் இல்லையாதலால் உடலின் காவல் அணுக்களும் போக முடியாது, விழுங்கிய மாத்திரையும் போய்ச் சேராது. வீக்கம் வடிவதும் திரும்புவதும் இதனால்தான். உள்ளே நுழைந்து துடைத்து மூடுவது ஒன்றே வழி.

இதற்கிடையே உறவினர் ஒருவர், வேர் சிகிச்சை செய்த பல் புற்றுநோய் தரும் என்று ஒரு காணொளி அனுப்பினார். இந்தப் பேச்சுக்கு வயது நூறு. 1910இல் வில்லியம் ஹண்டர் என்ற ஆங்கில மருத்துவர் மான்ட்ரியலில், வாயின் சீழ்தான் உடல் நோய்கள் பலவற்றுக்கும் ஊற்று என்று முழங்கினார். 1923இல் வெஸ்டன் பிரைஸ் இரண்டு பெரிய தொகுதிகள் எழுதினார். அமெரிக்காவில் நல்ல பற்கள்கூட வரிசை வரிசையாகப் பிடுங்கப்பட்டன. பின்வந்த ஆய்வுகள் அவற்றைத் தாங்கவில்லை. காணொளிக்கு இது தெரியாது.

அப்பாவுக்குப் பயம் வந்தால் கல்வெட்டுப் பேசுவார். காத்திருப்பு அறையில், ஸ்ரீரங்கம் கோயிலில் ஆரோக்கியசாலை ஒன்று இருந்ததையும், அதைப் பற்றிய 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டையும் அடுத்திருந்தவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பாவம், அவருக்குக் கடைவாய்ப் பல்லில் வலி.

முன்பல்லுக்கு வேர்க்குழல் பெரும்பாலும் ஒன்றுதான். கடைவாய்ப் பற்களைப் போல மூன்று நான்கைத் தேட வேண்டியதில்லை. ஆனால் வயதாலும் பழைய அடியாலும் அப்பாவின் குழல் தூர்ந்திருந்தது. “முயன்று பார்க்கிறேன் சார், ஊசி நுழையவில்லையென்றால் வேறு வழி யோசிப்போம்” என்றார் மருத்துவர். 1838இல் மேனார்டு என்பவர் கைக்கடிகாரம் வராத காலத்துக் கடிகாரச் சுருளைத் தேய்த்து இந்த ஊசியைச் செய்தாராம். இன்றைய மிக மெல்லிய ஊசிகளில் ஒன்றின் நுனி 0.08 மில்லிமீட்டர். ரப்பர் விரிப்புக்கு வெளியே பல் மட்டும் துருத்திக்கொண்டிருக்க, அரை மணி நேரம் ஊசி ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. நாங்கள் கண்ணாடிக் கதவுக்கு இப்பால். பிறகு கருவி ஒன்று விட்டுவிட்டு ஒலித்தது. வேர் நுனியை எட்டியதற்கு அதுவே அறிகுறி என்று பின்னர் சொன்னார்கள்.

பிளீச்சிங் திரவத்தின் தம்பியான சோடியம் ஹைப்போகுளோரைட்டால் குழலைக் கழுவி, சுண்ணாம்புச் சேர்மம் வைத்து அன்று தற்காலிகமாக மூடினார்கள். திரும்பும் பேருந்தில் மேலுதடு மரத்துப்போயிருந்தது. “இன்று பகரமும் மகரமும் விடுமுறை” என்றார் அப்பா, பகரமும் மகரமும் சரியாக வராமலேயே.

மூன்றாம் முறை குழலை நிரப்பியது கட்டாபெர்ச்சாவால். மலாய்க் காடுகளின் மரப்பால் அது; 1870இல் பம்பாயை லண்டனோடு இணைத்த கடலடித் தந்திக் கம்பிக்கு உறையாக இருந்ததும் இதே பால்தான். அப்பாவுக்கு இந்தச் செய்தி சிகிச்சையைவிடப் பிடித்திருந்தது. பல்லை உள்ளிருந்தே வெளுக்கவும் செய்யலாம் என்று மருத்துவர் சொன்னபோது, “வேண்டாம் டாக்டரம்மா, பிள்ளைகளுக்கு அடையாளம் தெரியாமல் போய்விடும்” என்று மறுத்துவிட்டார்.

ஆறு மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் அந்தக் கரிய நிழல் பாதிக்கும் கீழாகச் சுருங்கியிருந்தது. எலும்பு திரும்ப வளர்கிறது என்றார்கள். படத்தை உறையிலிட்டு அப்பா தொல்காப்பியத்துக்குள் வைத்திருக்கிறார், பிறப்பியல் பக்கத்தில்.